ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாமா?

கேள்வி: ஐயா, எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய காரை வாங்கியிருக்கிறேன். ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் உண்டு. ஸ்டீயரிங்கின் தோலுறை உரிந்து கையில் பிசுபிசுக்கிறது. நேர்ச்சாலையில் வண்டி சற்று அலைகிறது, ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டமும் தெரிகிறது. பந்தயக் கார்களில் இருப்பதைப் போன்ற, 320 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நடுப்பகுதி குழிந்த ஸ்டீயரிங் ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டேன். நொடியில் கழற்றி மாட்டும் க்விக் ரிலீஸ் அமைப்பும் அதனுடன் வந்தது. ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க ரெசிஸ்டர் எனும் சிறிய மின்தடைத் துண்டு ஒன்றை வைத்துவிடலாம், மொத்தம் அரை மணி நேர வேலை என்கிறார் மெக்கானிக். இதே காரை அம்மாவும் ஓட்டுகிறார். அவர் வேண்டாம் என்கிறார். கார் என் பெயரில் இருக்கிறது. சட்டப்படி இதைச் செய்யலாமா? செய்தால் என்ன சிக்கல்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வேலையைச் செய்து முடித்தபின் எழுதாமல், செய்வதற்கு முன் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே நிறைவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காரில் அந்த ஸ்டீயரிங்கைப் பொருத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று குறைகளுக்கும் வேறு வழி இருக்கிறது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் வெறும் ஒரு வளையம். நான்கைந்து திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதனால்தான் இருக்கை உறையையோ தரை விரிப்பையோ மாற்றுவதுபோல இதையும் மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. ஆனால் ஒரு நவீன காரில் உங்கள் மார்புக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்த வளையம்தான். நேருக்கு நேர் மோதினால் உடல் முதலில் பாயும் இடமும் அதுவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் ஒவ்வொரு பகுதியையும் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஸ்டீயரிங் தண்டு, முன்னால் இருக்கும் கியர்ப் பெட்டியிலிருந்து ஓட்டுநரின் மார்புவரை ஒரே இரும்புக் கம்பியாக நீண்டிருந்தது. மோதலில் வண்டியின் முன்பகுதி பின்னோக்கி நசுங்கும்போது, அந்தக் கம்பி ஈட்டிபோல ஓட்டுநரை நோக்கி வரும். வேறு காயமின்றித் தப்பியிருக்க வேண்டியவர்கள்கூட இதனால் இறந்திருக்கிறார்கள். மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரேனி, மோதலில் மடங்கிக்கொடுக்கும் பாதுகாப்பு ஸ்டீயரிங் தண்டுக்கு 1963இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1967ஆம் ஆண்டு மாடல்களில் ஆற்றலை உறிஞ்சும் தண்டைக் கொண்டுவந்தது. 1968 தொடக்கத்திலிருந்து அங்கே அது சட்டமாகவும் ஆனது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி நகரக் கூடாது என்பது ஒரு விதி. மனித உடற்பகுதியின் வடிவில் செய்த கட்டையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் மீது மோதவிட்டு, அதில் விழும் விசை சுமார் 11,100 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. ஐரோப்பா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 12ஆம் விதியிலும் ஏறத்தாழ இதே அளவுகள் உள்ளன. இவை அனைத்தும் ஏர்பேக் பரவலாவதற்கு முன்பே வகுக்கப்பட்டவை. வளையம் வளைய வேண்டும், தண்டு உள்வாங்க வேண்டும், நடுப்பகுதியில் கூரான எதுவும் இருக்கக் கூடாது என்று அப்போதே உறுதிசெய்துகொண்டார்கள்.

இப்போது உங்கள் புதிய ஸ்டீயரிங்கைப் பாருங்கள். நடுவில் ஆறு போல்ட்டுத் தலைகள், அவற்றின் பின்னால் ஓர் உலோக இணைப்பி, அதன்மேல் க்விக் ரிலீஸின் உலோக உருளை. தரமான சில இணைப்பிகளில் மோதலின்போது நசுங்கிக்கொடுக்கும் பகுதி ஒன்றை வைத்திருப்பார்கள். மலிவானவை திடமான அலுமினியக் கட்டிகள். நீங்கள் வாங்கியது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. எந்த வகையானாலும், உங்கள் கார் மாடலில் பொருத்தி மோதிப்பார்த்துத் தேறிய பொருளாக அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்து ஏர்பேக். 1981இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஓட்டுநர் ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியும் சேர்ந்தே வந்தன. அவை சேர்ந்து வந்தது தற்செயல் அன்று. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் "சீட் பெல்ட்தான் போடுகிறேனே, ஏர்பேக் எதற்கு" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

மோதல் தொடங்கியதும் சென்சார்கள் அதை உணர்ந்து, கட்டுப்பாட்டுக் கருவி முடிவெடுத்து, பை விரிந்து முடிவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அதே நொடித்துளியில் பெல்ட்டை இறுக்கும் கருவியும் வெடித்து, தளர்வை இழுத்துக்கொள்கிறது. அதன்பின் நடப்பதுதான் பலருக்குத் தெரியாதது. இறுகிய பெல்ட் அப்படியே நின்றுவிட்டால் விலா எலும்புகள் முறியும். ஆகவே குறிப்பிட்ட விசையைத் தாண்டியதும் பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் ஓர் அமைப்பை இன்றைய பல கார்களில் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் முன்னோக்கி நகர்வார், அங்கே பை காத்திருக்கும் என்ற கணக்கில்தான் அது விட்டுக்கொடுக்கிறது. பையை எடுத்துவிட்டீர்கள் என்றால் பெல்ட்டுக்கு அது தெரியாது. அது வழக்கம்போல விட்டுக்கொடுக்கும். உங்கள் முகம் போய்ச் சேரும் இடத்தில் ஆறு போல்ட்டுகள் இருக்கும்.

பந்தயக் காரில் ஏர்பேக் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். அங்கே ஓட்டுநரை இருக்கையோடு ஆறு இடங்களில் கட்டியிருக்கிறார்கள். தலையில் கவசம், கழுத்தைத் தாங்கும் கருவி, சுற்றிலும் இரும்புக் கூண்டு. அந்த ஓட்டுநரின் முகம் ஸ்டீயரிங்கை எட்டாதபடி எல்லாம் செய்துவிட்டுத்தான் அவர்கள் அந்தச் சிறிய வளையத்தை மாட்டுகிறார்கள். உங்கள் காரில் நீங்கள் எடுத்துக்கொள்ள நினைப்பது அந்த ஏற்பாட்டின் ஒரு துண்டை மட்டும்.

ரெசிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்த வரி அதுதான்.

காரின் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் பையைப் பற்றவைக்கும் திரியின் மின்தடையை அளந்துபார்க்கிறது. அது சுமார் இரண்டு ஓம்தான். சரியாக இருந்தால் விளக்கை அணைக்கிறது, சுற்று அறுந்திருந்தால் எரியவிடுகிறது. அதே அளவுள்ள ஒரு ரெசிஸ்டரை இணைத்தால் கருவி ஏமாந்துவிடும். பை இருக்கிறது, எல்லாம் நலம் என்று சொல்லும். ஏமாறுவது கருவி மட்டும் என்று மெக்கானிக் நினைக்கிறார். காரை அம்மா எடுத்துச் செல்லும்போது அவரும் ஏமாறுகிறார். நாளை நீங்கள் காரை விற்கும்போது வாங்குபவர் ஏமாறுகிறார். விபத்துக்குப்பின் வண்டியை ஆராய்பவர், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் என்று அந்தப் பொய் தொடர்ந்துகொண்டே போகும். ரெசிஸ்டர் வைக்காமல் வெறுமனே கழற்றிவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில கார்களில் அந்த நிலையில் பெல்ட்டை இறுக்கும் கருவி உட்பட முழுப் பாதுகாப்பு அமைப்புமே செயலிழந்துவிடும். இரண்டு வழியிலும் நட்டம்தான். ஆனால் விளக்கு எரிவது குறைந்தபட்சம் உண்மையைச் சொல்கிறது.

பழைய கார்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். ஒருமுறை வந்த காரில் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. ஸ்கேனரிலும் பழுது எதுவும் காட்டவில்லை. ஸ்டீயரிங்கின் நடு மூடியில் இருந்த தையல்கோடு மட்டும் சற்று வேறாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தபோது பை இருக்க வேண்டிய இடம் வெற்றிடம். இரண்டு ஒயர்களின் முனையில் நாடா சுற்றிய ஒரு ரெசிஸ்டர். வாங்கியவர் அந்தக் காரில் இரண்டு ஆண்டுகளாகக் கைக்குழந்தையோடு குடும்பத்தை அழைத்துச் சென்றிருக்கிறார். அவர் முகம் வெளிறியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஏர்பேக்கைக் கழற்றுவதுகூடச் சாதாரண வேலை இல்லை. பேட்டரி இணைப்பை எடுத்தபின்னும் கட்டுப்பாட்டுக் கருவியில் சற்று நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடு சொல்லும், அதைக் குறைக்கக் கூடாது. கழற்றிய பையை எப்போதும் உறைப்பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மேலே பறந்துவிடும். மல்டிமீட்டரால் அதன் முனைகளைத் தொட்டுப் பார்க்கவே கூடாது. அரை மணி நேர வேலை என்று சொன்னவர் இவற்றைச் சொன்னாரா?

ஸ்டீயரிங்கின் அடியில் இன்னும் ஒரு நுட்பமான பகுதி இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். தட்டையான நாடா போன்ற ஒயர்ச் சுருள், கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுற்றப்பட்டிருக்கும். ஏர்பேக்கும் ஹாரனும் ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்களும் இதன் வழியாகத்தான் வண்டியோடு பேசுகின்றன. இருபுறமும் இரண்டு மூன்று சுற்றுகள் போகும் அளவுக்கே இதற்கு நீளம் உண்டு. நடுநிலை தவறிப் பொருத்திவிட்டால் அடுத்த முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும். வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு உள்ள கார்களில், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சாரும் பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே அல்லது தண்டிலேயே இருக்கிறது. அதன் நடுநிலை கலைந்தால், நீங்கள் நேராகப் போகும்போது வளைவில் போகிறீர்கள் என்று கருவி எண்ணிக்கொள்ளும். தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கவும் கூடும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. உங்கள் காரின் அசல் ஸ்டீயரிங் பெரும்பாலும் 370 அல்லது 380 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். 380இலிருந்து 320க்கு வந்தால், அதே திருப்புவிசைக்குக் கை கொடுக்க வேண்டிய விசை கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுகிறது. பவர் ஸ்டீயரிங் வேலை செய்யும்வரை இது பெரிதாகத் தெரியாது, ஓட்டுவது துடிப்பாக இருப்பதாகக்கூடத் தோன்றும். ஆனால் ஓடும்போது எஞ்சின் நின்றாலோ மின்னுதவி செயலிழந்தாலோ நிலைமை வேறு. ஐ.நா.வின் 79ஆம் விதி, பயணிகள் காரைத் திருப்ப எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது 150 நியூட்டனுக்கு மேலும், உதவி செயலிழந்த நிலையில் 300 நியூட்டனுக்கு மேலும் விசை தேவைப்படக் கூடாது என்கிறது. 300 நியூட்டன் என்பது ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தூக்கும் விசை. அசல் ஸ்டீயரிங்கோடு அந்த எல்லையின் விளிம்பில் தேறிய ஒரு கார், உங்கள் சிறிய வளையத்தோடு 356 நியூட்டன் கேட்கும். வளைவில், இறக்கத்தில், பதற்றத்தில், அம்மாவின் கைகளிடம் கேட்கும்.

வளையம் சிறியதானால் அதன் மேல் விளிம்பு வேகமானியை மறைப்பதும் உண்டு. குழிந்த வடிவமும் இணைப்பியும் சேர்ந்து ஸ்டீயரிங்கை உங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டால், இண்டிகேட்டர் நெம்புகோல் விரலுக்கு எட்டாமல் போகும். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணைவதற்கு உதவும் சிறு முனை சில இணைப்பிகளில் சரியான இடத்தில் இருக்காது. கேட்கச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் தினமும் ஓட்டும்போது தினமும் இடறும்.

க்விக் ரிலீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய கூண்டுக்குள் ஏறி இறங்க வேண்டிய பந்தய ஓட்டுநருக்காக வந்த சாதனம் அது. தேய்ந்தால் ஆட்டம் வரும். முழுமையாகப் பூட்டாமல் ஓட்டத் தொடங்கினால் கையோடு வந்துவிடும். பொதுச்சாலையில் இதற்கு இடமே இல்லை.

இனிச் சட்டம். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, எனவே சில நாடுகளின் நிலையைச் சொல்கிறேன். பாதுகாப்புக்காகத் தயாரிப்பாளர் பொருத்திய, ஒப்புதல் பெற்ற ஒன்றைச் செயலிழக்கச் செய்வதை இவற்றில் எதுவும் எளிதாக ஏற்பதில்லை. வேறுபடுவது யாரைப் பொறுப்பாக்குகிறது, எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதில்தான்.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. ஸ்டீயரிங் வளையத்தின் விட்டம் பதிவுச் சான்றில் இல்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கே ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கார் என் பெயரில் இருக்கிறது என்பது இங்கே உங்களுக்குக் கவசம் ஆகாது, பொறுப்பு உங்கள்மீது விழுவதற்கே அது காரணமாகும். புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் அங்கே கட்டாயம். அதற்கு முன் வந்த கார் என்றாலும், தயாரிப்பாளர் பொருத்திய பாதுகாப்பை எடுத்துவிட அது அனுமதி ஆகாது என்பதே என் கருத்து.

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், முதலில் பொருத்தியிருந்த ஏர்பேக் காணாமல் போயிருப்பது தெரிந்தால் வண்டி தேறாது. பழுதைக் காட்டும் ஏர்பேக் விளக்குக்கும் அதே கதிதான். ஜெர்மனியில் வேறு ஸ்டீயரிங் பொருத்தவே கூடாது என்றில்லை. அந்தப் பாகத்துக்கும் உங்கள் கார் மாடலுக்கும் செல்லுபடியாகும் ஒப்புதல் ஆவணம் வேண்டும், வகையைப் பொறுத்துத் தொழில்நுட்பச் சோதகர் பார்த்துப் பதிவிடவும் வேண்டும். அது இல்லாமல் மாற்றினால் வண்டியின் இயக்க அனுமதியே போய்விடும். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான முறை. ஆசைக்கும் இடம் கொடுக்கிறது, பொறுப்பையும் கேட்கிறது.

அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் தொழில் நடத்துபவர் ஆகியோர் பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. உரிமையாளர் தன் கையால் செய்வதை அந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை, அதை மாநிலச் சட்டங்களுக்கு விட்டுவிட்டது. ஆகவே அங்கே உங்கள் மெக்கானிக் சொல்லும் அரை மணி நேர வேலை, அவருக்கே சட்டமீறல். வேறெங்கே இருந்தாலும் வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம்.

காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது பொதுவாக ஒப்பந்தத்திலேயே இருக்கும். சொல்லாமல் ஏர்பேக்கை எடுத்துவிட்டு, விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்டால், மறுப்பதற்கு நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஸ்டீயரிங்கை மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஏர்பேக் வருவதற்கு முந்தைய பழைய கார்களில் நல்ல தயாரிப்பை, அந்த மாடலுக்கென்றே செய்த இணைப்பியோடு, அசலின் விட்டத்துக்கு நெருக்கமாக எடுத்துப் பொருத்துவது பல நாடுகளில் ஏற்கப்பட்ட வழக்கம். தண்டின் வரிப்பற்கள் சரியாகக் கவ்வ வேண்டும், நடு நட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்குவிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், ஹாரன் வேலை செய்ய வேண்டும். ஒரு கையால் மட்டும் ஓட்டக்கூடியவர்களுக்காக வளையத்தில் பொருத்தும் குமிழ்ப்பிடி இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவத் தேவையைக் காட்டி, உரிய அனுமதியோடு, பயிற்சி பெற்றவரிடம் பொருத்திக்கொண்டு எத்தனையோ பேர் தங்கள் சுதந்திரத்தை மீட்டிருக்கிறார்கள். அத்தகைய மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

இப்போது உங்கள் மூன்று குறைகள்.

முதலில் ஆட்டமும் அலைச்சலும், ஏனெனில் அவசரமானது அதுதான். புதிய ஸ்டீயரிங் இதைச் சரிசெய்யாது. வளையம் சிறிதானால் கையில் தெரியும் ஆட்டத்தின் நீளம் குறையும், குறை அப்படியே கீழே இருக்கும். டயர்க் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பிறகு வண்டியை மேலே ஏற்றி, சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளின் முனைகள், பால் ஜாயிண்டுகள், அவற்றின் ரப்பர் உறைகள், ஸ்டீயரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்சட்டமான ஸ்டீயரிங் ரேக், தண்டின் நடுவிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழுதானதை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும், முன்னால் செய்தால் வீண். இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஸ்டீயரிங்கில் 30 பாகைவரை ஆட்டத்தை அனுமதிக்கின்றன. ஆனால் உங்களைப் போன்ற சிறிய காரில் அது மிகத் தாராளமான எல்லை. ரேக் வகை ஸ்டீயரிங்குக்கு, 380 மில்லிமீட்டர் வளையத்தின் விளிம்பில் 13 மில்லிமீட்டர் என்று பிரிட்டனின் சோதனைக் கையேடு வைத்திருக்கும் அளவே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஓர் அளவுகோலை வைத்து நீங்களே அளந்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சாய்ந்து நின்றால், அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளாக் ஸ்பிரிங்கும் திருப்பக்கோண சென்சாரும் அதனால் நடுநிலை தவறும். டை ராடுகளில் சரிசெய்வதே முறை.

அடுத்து உரிந்த தோல். அசல் ஸ்டீயரிங்கின் வளையத்துக்கு மட்டும் புதிய தோல் சுற்றிக் கையால் தைத்துக்கொடுக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஏர்பேக் மூடியை அவர்கள் தொட வேண்டியதில்லை. கைக்கு ஏற்றபடி வளையத்தின் தடிமனைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம், பிடிக்கும் இடத்தில் துளையிட்ட தோலும் கேட்கலாம். வியர்க்கும் கைகளுக்கு அது நல்லது. நல்ல கைவேலைப்பாடு கொண்ட ஒரு தையலைப் பார்த்தால் உங்களுக்கு இந்தப் பந்தய வளையத்தின் நினைவே வராது. வெறும் உறை போதும் என்றால் சரியான அளவில், தைத்து இறுக்கும் வகையை எடுங்கள். நழுவும் உறை, வளைவில் உங்கள் கையை ஏமாற்றும். பளபளப்புக்காக சிலிக்கான் மெருகு எதையும் பூசாதீர்கள்.

அழகுக்காக நடுவில் உலோக முத்திரையோ கற்கள் பதித்த ஸ்டிக்கரோ ஒட்டும் எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஏர்பேக் விரிந்தபோது அப்படிப்பட்ட அலங்காரம் ஒன்று பெயர்ந்து பாய்ந்ததில் ஓர் ஓட்டுநர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

தோற்றம்தான் முக்கியம் என்றால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. உங்கள் கார் மாடலின் உயர்வகையில் வரும் ஸ்டீயரிங்கை, அதற்குரிய ஏர்பேக்கோடு, தயாரிப்பாளரின் பணிமனையில் பாக எண்ணைச் சரிபார்த்து மாற்றிக்கொள்ளலாம். இதற்கும் பதிவு அலுவலகத்தைக் கேட்டுவிடுவது நல்லது. ஆனால் உடைத்த கார்களிலிருந்து எடுத்த ஏர்பேக்கைத் தயவுசெய்து வாங்காதீர்கள். டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, பையை விரிப்பதற்குப் பதிலாக உலோகக் கூட்டையே சிதறடித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பழைய பாகக் கடையில் கிடைக்கும் பையின் வரலாறு யாருக்கும் தெரியாது. உங்கள் காரின் அடிச்சட்ட எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து, உங்கள் காருக்கே அப்படித் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கார் வாங்கிய எல்லோருக்கும் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்கிறேன்.

வாங்கிய ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கணினியில் கார் ஓட்டும் சிமுலேட்டர்க் கருவிகளில் ஆறு போல்ட்டு வளையங்களைப் பொருத்த முடிகிறது. 320 மில்லிமீட்டர் அதற்கு அருமையான அளவு, அங்கே க்விக் ரிலீஸும் உண்மையிலேயே பயன்படும்.

இன்னொன்று. ஏர்பேக் இருக்கட்டும் என்று முடிவு செய்தபின், அது சரியாக உதவ வேண்டுமானால் இடைவெளி வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து மார்பெலும்புவரை குறைந்தது 25 சென்டிமீட்டர். உயரம் குறைந்தவர்கள் பெடலை எட்டுவதற்காக முன்னால் தள்ளி உட்கார்ந்துவிடுவார்கள், விரியும் பையே அவர்களைக் காயப்படுத்தக்கூடும். அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதுகுச் சாய்வைச் சற்று நிமிர்த்தி, இருக்கையின் உயரத்தைக் கூட்ட முடிந்தால் கூட்டி, ஸ்டீயரிங்கைக் கீழே சாய்த்துப் பை முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி வையுங்கள். பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலோ, அணையாமல் நின்றாலோ, அம்மா அந்தக் காரை மீண்டும் எடுப்பதற்கு முன் தயாரிப்பாளரின் பணிமனைக்குக் கொண்டுபோய், ஏர்பேக் மூடிக்குள் பை இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். எட்டு ஆண்டுகளில் அந்தக் கார் யார் யார் கையில் இருந்தது என்பது நமக்குத் தெரியாதல்லவா.